ரொசாலியாவுக்குப் பிடித்த குழம்பு

அடுப்பில்லாமலே சமைத்துவிடும் என்று பேர் வாங்கிய அந்த அமெரிக்கக் கரண்ட் பானை, உச்சி வெயில் ஏறிய பிறகும் ஒரு கொதி கொதிக்கவில்லை. சகாயமேரி மூடியைத் திறந்து விரலை விட்டுப் பார்த்தாள். பச்சைப் பிள்ளையைக் குளிப்பாட்டலாம் போலிருந்தது.

"ஏங்க, இது வேகுற பாடாத் தெரியல. கறி சும்மா நீச்சலடிச்சுக்கிட்டுக் கெடக்கு."

"மூடியைத் தெறக்காதன்னு எத்தன வாட்டி சொல்றது? அது மெதுவாத்தான் வேகும். அவசரப்பட்டா அமெரிக்காக்காரன் என்ன செய்வான்?" என்றார் சத்தியசீலன். மிஷன் பள்ளிக்கூடத்துக் குமாஸ்தா. வீட்டில் ஒரு டம்ளரைக்கூட நகர்த்தி வைத்தறியாத மனிதர், இன்றைக்கு விடிந்ததிலிருந்து சமையலறையை விட்டு நகரவில்லை.

காரணம் இருந்தது. சகாயமேரியின் ஒரே தம்பி சவரியப்பன், அமெரிக்காவில் யாரிடமும் சொல்லாமல் ரொசாலியா என்ற மெக்சிகோப் பெண்ணைக் கட்டிக்கொண்டான். சொந்தபந்தம் எல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டது. அக்கா மட்டும்தான் "வாடா, என் வீட்டுக்குக் கூட்டிக்கிட்டு வா" என்றாள். இன்று ராத்திரி ரயிலில் இருவரும் வருகிறார்கள். அந்தப் பெண் மனம் கோணாமல் ஒரு வேளை சாப்பிட வேண்டும். இல்லையென்றால் தம்பி இனி இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டான் என்று சகாயமேரிக்கு உள்ளுக்குள் பயம்.

இரண்டு நாள் முன்பு, மெட்ராஸில் வந்து இறங்கிய சவரியப்பனிடமிருந்து பள்ளிக்கூடத்துக்கு டிரங்க் கால் வந்தது. எடுத்துப் பேசியவர் சத்தியசீலன்தான்.

"ரெண்டு பேருகிட்டயும் பேசிட்டேன், மேரி. பாவம், அந்தப் பிள்ளைக்கு ஊர் நெனப்பாவே இருக்காம். அவுக ஊர்ல பன்னிக்கறியையும் மக்காச்சோளத்தையும் போட்டு ஒரு குழம்பு வைப்பாகளாம். உன் தம்பி அனுப்பிச்ச பானை இருக்குல்ல, அதுல வச்சாத்தான் ருசியாம்."

அந்தப் பானையில் சகாயமேரி புளி போட்டு வைத்திருந்தாள். பன்றிக்கறியோ, கல்யாணமான நாள் முதலாக அந்த வீட்டு நிலைப்படியைத் தாண்டியதில்லை. பேரைக் கேட்டாலே அவளுக்குக் குமட்டும். ஆனாலும் தம்பி பெண்டாட்டிக்காகச் சரி என்றாள். சத்தியசீலன் சமயநல்லூர் வரைக்கும் சைக்கிள் மிதித்து, கொழுப்பும் கறியுமாக வாங்கி வந்தார்.

"அங்கதான் நல்லா இருக்கும்" என்றார்.

"ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஆபீஸ்ல பேசிக்கிட்டாக."

பானை சூடேறாததற்குக் காரணம் கரண்ட் பத்தாததுதான் என்று முடிவாயிற்று. அமெரிக்கக் கரண்டுக்குத் தோதாக ரேடியோ கடை விருமாண்டியிடம் இரவல் வாங்கிய பெட்டி, ஏற்கெனவே வண்டு மாதிரி முனகிக்கொண்டிருந்தது. அடுத்த வீட்டு ஆனிமேரி டீச்சரிடம் டிவிக்கு வைத்திருந்த ஸ்டெபிலைசரை வாங்கி, அதையும் சேர்த்து மாட்டினார்கள்.

பானை முதல் முறையாக ஒரு பெருமூச்சு விட்டது. பிறகு 'டப்' என்றது. காம்பவுண்டு வீடுகள் அத்தனையிலும் கரண்ட் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். இன்னும் கொஞ்ச நேரத்தில் டிவியில் தமிழ்ப் படம்.

"யாருய்யா ஃபீஸைப் போக்குனது?" என்று எல்லா வீட்டுக் கதவும் திறந்தன. ஆனிமேரி டீச்சர் தன் ஸ்டெபிலைசரை மோந்து பார்த்தார். "கருகுன வாடை வருது, மேரி" என்றார், அழாத குறையாக.

டீச்சரைச் சமாதானப்படுத்தும் அவசரத்தில், பானைக்குள்ளிருந்த பீங்கான் பாத்திரத்தைத் தூக்கி அப்படியே மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் வைத்தாள் சகாயமேரி. பீங்கான் நெருப்பைப் பார்த்துப் பழகியதில்லை. நடுவாக்கில் விரிசல் விட்டது. குழம்பில் ஒரு பங்கு ஸ்டவ்வை அணைத்தது. மிச்சத்தைக் குண்டானில் பிடிப்பதற்குள் அவள் புடவை முழுக்க மக்காச்சோளம்.

"போச்சு! அந்தப் பிள்ளைக்கு என்னத்தப் போடுவேன்?" உண்மையாகவே அழுதுவிட்டாள்.

"அழுகாத. நகரு" என்றார் சத்தியசீலன். வேட்டியை மடித்துக் கட்டினார். கொல்லையில் கல்லைக் கூட்டி விறகை வைத்தார். குண்டானை ஏற்றினார். வேலியோரக் கற்பூரவல்லியில் நாலு இலை கிள்ளிப் போட்டார். சகாயமேரி செம்பில் தண்ணீரோடு வந்தாள்.

"தண்ணி ஊத்தாத! கொழுப்பு உருகினாலே போதும்."

"இதுவும் ஆபீஸ்ல பேசிக்கிட்டாகளா?"

அவர் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டார். படம் பார்க்க முடியாமல் போன காம்பவுண்டு ஜனம், வேறு வேலையில்லாமல் குண்டானைச் சுற்றி உட்கார்ந்து வேடிக்கை பார்த்தது.

ரொசாலியா சேலை கட்டிக்கொண்டு சவரியப்பனோடு வந்து இறங்கினாள். "வணக்கம் அக்கா. தாங்கள் நலமா?" என்றாள். புத்தகம் வைத்துத் தமிழ் படித்திருக்கிறாள். சகாயமேரி அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். அத்தனை பிரியமாயிருந்தது.

அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் பந்தி. ரொசாலியா ஒரு துண்டை எடுத்தாள். மென்றாள். தண்ணீர் குடித்தாள். சிரித்தாள். வந்த பெண் தனியாகச் சாப்பிடக் கூடாதே என்று, சகாயமேரியும் மாதாவை வேண்டிக்கொண்டு ஒரு துண்டை வாயில் போட்டாள். அவளும் தண்ணீர் குடித்தாள். அவளும் சிரித்தாள். இப்படியே இருவரும் கண் கலங்கக் கலங்கத் தின்றார்கள்.

"மாப்ள, இன்னும் கொஞ்சம்?"

"போடுங்க மச்சான். எம்புட்டு நாளாச்சு!"

ஆண்கள் பக்கம் எலும்பு குவிந்துகொண்டே போயிற்று. சகாயமேரி குண்டானில் மிஞ்சியதை வழித்து ரொசாலியா பக்கம் நீட்டினாள். "ஒனக்காகத்தாம்மா செஞ்சது. வெக்கப்படாம சாப்பிடு."

சத்தியசீலன் திடீரென்று கை கழுவ எழுந்தார். சவரியப்பனுக்குப் புரையேறியது.

ரொசாலியா இரண்டு கையும் கூப்பினாள்.

"மன்னியுங்கள் அக்கா, இனி என்னால் இயலாது. நான் பிறந்ததிலிருந்து இறைச்சியே உண்டதில்லை. தங்களுக்குப் பன்றிக்கறி என்றால் உயிர், நான் மறுத்தால் தாங்கள் அழுதுவிடுவீர்கள் என்று அண்ணன்தான் தொலைபேசியில் சொன்னார்."