நாற்பத்தோரு இணைப்புகள்

நாற்பத்தாறு வயதில் என் மனைவி நூலகப் படிப்பில் சேர்ந்தபோது நான் ஒரு சபதம் எடுத்தேன். அவளுடைய ஆய்வுக்கு வேண்டிய அத்தனை தகவலையும் இணையத்தில் நானே தேடித் தருவேன். நான் பஸ் டிப்போவில் நேரக் காப்பாளன். ஒரு பஸ் போய் அடுத்தது வரும்வரை என் கையில் போன்தான் இருக்கும்.

தலைப்பு ரத்த அழுத்தம் என்றாள். எனக்கே அது இருப்பதால் தெம்பாக இறங்கினேன். முதல் நாளே பதினோரு இணைப்புகள் அனுப்பினேன். பல் மருத்துவமனை வரவேற்பு வேலை முடிந்து வந்தவள், உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்தாள்.

"நல்லாத்தான் இருக்குங்க. ஆனா எதுலயும் மூலம் இல்லையே."

"இல்லாதது நல்லதுதானே. அழுத்தத்தோட அதுவும் சேர்ந்தா மனுஷன் உட்காரவா முடியும்?"

அவள் சிரிக்கவில்லை. நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டாள். தகவல் எங்கிருந்து வந்தது என்பதைத்தான் மூலம் என்கிறார்கள் என்று பிறகு விளக்கினாள்.

மூன்று வாரத்தில் நாற்பத்தோரு இணைப்புகள் சேர்ந்தன. அதில் ஒன்று, மாத்திரையே வேண்டாம், வேளைக்கு ஒரு தம்ளர் வெந்நீர் போதும் என்றது. அதை அவளுக்கு அனுப்பிவிட்டு நான் மாத்திரையை நிறுத்தினேன். எட்டாம் நாள், மாத்திரை அட்டை அப்படியே இருப்பதைப் பார்த்துவிட்டாள். திட்டவில்லை. பக்கத்தில் உட்கார வைத்து, அந்தக் கட்டுரையை அடிவரை தள்ளிப் பார்க்கச் சொன்னாள். எழுதியவர் பெயர் இல்லை. தேதி இல்லை. கடைசியில் வெந்நீர் கெட்டில் விளம்பரம் இருந்தது.

அன்றைக்கே டாக்டரிடம் இழுத்துப் போனாள். அளவைப் பார்த்த டாக்டர், இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. திரும்பும்போது பஸ்ஸில் அவள் கையை விடவே இல்லை நான். நீ படித்த படிப்பு என்னைப் பிழைக்க வைத்துவிட்டது என்றேன். கண் கலங்கிவிட்டது. வீட்டுக்குப் போனதும் அதை அப்படியே எழுதித் தரச் சொன்னாள். தந்தேன்.

ஆய்வுக்கு வகுப்பிலேயே முதல் மதிப்பெண். அச்சிட்ட பிரதியில் நன்றியுரை முழுக்க எனக்குத்தான். 'இந்த ஆய்வின் தரவு முழுவதையும் தந்த கணவருக்கு.' நெகிழ்ந்துபோய், என் நாற்பத்தோரு இணைப்புகளை நூற்பட்டியலில் தேடினேன். ஒன்றுகூட இல்லை. எங்கே என்று கேட்டேன். அட்டையைப் பார்க்கச் சொன்னாள்.

'இணையத்தில் கண்டதை ஆராயாமல் நம்புதல்: ஒரு நடுத்தர வயது ஆணை முன்வைத்து.'

"ரத்த அழுத்தம்னு சொன்னியே?"

"அது உங்களுக்குக் கொடுத்த தலைப்பு."

"என் சம்மதம் இல்லாமலா?"

கடைசி இரண்டு பக்கங்களைத் திருப்பிக் காட்டினாள். ஒப்புதல் படிவம். விவரம் ஒன்றரைப் பக்கம். கீழே என் கையெழுத்து.

"டிப்போவுக்குக் கிளம்புற அவசரத்துல படிக்காமப் போட்டிருப்பேன்."

"தெரியும்ங்க. நாலாவது அத்தியாயமே அதுதான்."