கூண்டில் எனக்கு ரெண்டு இடம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து நாலாம் வருஷம், ஒரு திங்கட்கிழமை காலை, பல்பொடியைத் தேய்த்துக்கொண்டே நான் ஒரு சபதம் எடுத்தேன். குண்டாகிவிடுவது.

ஏற்கெனவே நான் குண்டுதான். பூட்ஸும் தொப்பியுமாக இருநூற்று நாலு பவுண்டு. அது போதாது, இருநூற்றிருபதைத் தாண்ட வேண்டும். மூன்று மாதத்துக்குள். ஊரில் எல்லோரும் இளைக்கச் சபதம் எடுத்து மூன்றாம் நாள் விட்டுவிடுவார்கள். என்னால் அப்படி விட முடியாது, என் உயிர் அதில்தான் இருந்தது.

காசுள்ளவர்கள் பெங்களூரில் விமானம் ஏறி மெட்ராஸ் போகிறார்கள். நானும் தினம் எட்டாயிரம் அடி போய் வந்தவன்தான். அவர்கள் மேலே போகிறார்கள், நான் கீழே போனேன். கோலார் தங்கவயல் சுரங்கத்தில் மரம் கட்டுகிற வேலை எனக்கு. பாறை எங்கள் தலைமேல் இறங்காமல் மரத்தால் முட்டுக் கொடுப்போம். எங்களை இறக்கி ஏற்றுவது ஓர் இரும்புக் கூண்டு. ஒரு தடவைக்குப் பன்னிரண்டு பேர், எல்லோரும் நின்றுகொண்டேதான் போக வேண்டும்.

அந்த வருஷம் கூண்டுக்குப் புதுக் கயிறு போட்டார்கள். கயிற்றோடு கூடவே ஒரு சட்டமும் வந்தது. நூற்றுத் தொண்ணூறு பவுண்டு வரை ஓர் ஆளுக்கு ஓர் இடம். அதற்கு மேல் இருந்தால் அவன் ரெண்டு ஆள், கடைசிக் கூண்டில்தான் ஏற வேண்டும். இருநூற்றிருபது தாண்டினால் கூண்டே கிடையாது, மேலேயே ஏதாவது வேலை பார்த்துக் கொடுப்பார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தரம் எடை போடுவார்கள்.

கூண்டுக் கதவருகே ஆள் எண்ணி மணி அடிக்கிறவன் மரியகுழந்தை. சட்டம் வந்த முதல் நாளே என்னைப் பிடித்துக்கொண்டான்.

"தர்மராஜண்ணே, தள்ளி நில்லுங்க. நீங்க ரெண்டு ஆளு."

"சம்பளம் ஒரு ஆளுக்குத்தானே குடுக்கிறாங்க?"

"அத்த ஆபீஸ்ல கேளுங்க. உங்கள ஏத்தினா ஒருத்தன் வெளிய நிக்கணும்."

"ஒரு ஓரமா ஒண்டிக்கிறேம்ப்பா."

"உங்களுக்கு ஏதுண்ணே ஓரம்?"

எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். காலையில் கடைசியாக இறங்குவதில் எனக்குக் கஷ்டமில்லை. சாயங்காலம் கடைசியாக ஏறுவதில்தான் கஷ்டம். மற்றவர்கள் எல்லாம் ஏறிப் போகிற வரைக்கும் ஒரு மணி நேரம் நான் கீழேயே நிற்க வேண்டும். அங்கேதான் எட்டு மாதத்துக்கு முன்னால் சுந்தரராஜ் செத்தான்.

சுந்தரராஜ் என் மனைவி தாயம்மாவின் தம்பி. கல்யாணமாகாதவன். என் கூடவே மரம் கட்டினான். அன்றைக்கு ரெண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கேரியரைப் பிரித்தோம். தண்ணீர் எடுத்து வருகிறேன் என்று எழுந்து பத்தடி போனான். பாறை வெடித்தது. அவன் உட்கார்ந்திருந்த இடம் அப்படியே இருந்தது, எழுந்து போன இடத்தைத்தான் காணவில்லை. என் கையில் பிசைந்த சோறு இருந்தது.

அன்றிலிருந்து எனக்குப் பயம். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பயந்தாங்கொள்ளி என்பார்கள். வேலையை விட்டால் சுரங்கத்தார் கொடுத்த லைன் வீட்டையும் விட வேண்டும். தம்பியைப் பறிகொடுத்தவளிடம் போய் எனக்குப் பயமாயிருக்கிறது என்று சொல்ல எனக்கு வாயும் வரவில்லை. மானமும் போகக் கூடாது, கீழேயும் போகக் கூடாது. அதற்கு இருந்த ஒரே வழி என் வயிறுதான்.

சபதம் எடுத்த அன்றைக்கே ஆரம்பித்தேன்.

"இன்னொரு களி போடு."

"நாலு உருண்டை ஆச்சி," என்றாள் தாயம்மா.

"எண்ணிக்கினா இருக்கே?"

"எண்ணாம? கிண்டினதே அஞ்சு. எனக்கு ஒண்ணு வேணாமா?"

"டாக்டரு நல்லா சாப்டச் சொல்லிட்டாரு."

"போன மாசம் கொறைக்கச் சொன்னாருன்னு சொன்னீங்க."

"அது வேற டாக்டரு."

"ரெண்டு பேரையும் ஒண்ணா ஒக்காரவெச்சிப் பேசச் சொல்லுங்க. இந்தாங்க, துன்னுங்க."

அவளுடைய உருண்டையும் என் தட்டுக்கு வந்தது. அடுத்த நாளிலிருந்து அவளே எட்டு உருண்டை கிண்டினாள். ஞாயிற்றுக்கிழமை கறி, புதன்கிழமை கருவாடு. ஆண்டர்சன்பேட்டையிலிருந்து வெண்ணெய் பன் வேறு வாங்கி வந்தாள். இவ்வளவு வெகுளியான பெண்ணை ஏமாற்றுகிறோமே என்று எனக்கு ரொம்பப் பாவமாக இருந்தது.

வாரத்துக்கு ஒரு தரம் ஆண்டர்சன்பேட்டை அரிசி மண்டித் தராசில் பூட்ஸும் தொப்பியுமாக ஏறி நின்றேன். பத்து வாரத்தில் ஏறியது ஏழு பவுண்டு. காரணம் எனக்கே தெரியும். வீட்டில் மலையாகத் தின்றேன், கீழே ஒரு வாய் இறங்கவில்லை. கேரியரைப் பிரித்தாலே சுந்தரராஜ் தண்ணீர் எடுக்க எழுந்துவிடுவான். சோறு அப்படியே திரும்பும். வீட்டுக்கு அதோடு போனால் கேள்வி வரும் என்று, தினமும் லைன் முனையில் இருந்த நாய்க்குக் கொட்டிவிட்டுக் கேரியரைக் குழாயில் கழுவிக்கொண்டு போவேன். நான் ஏற வேண்டிய எடையை அந்த நாய் ஏறியது. அதைக் கூண்டில் ஏற்றினால் அதற்கும் ரெண்டு இடம் கேட்பார்கள்.

எடை போடும் சனிக்கிழமை வந்துவிட்டது. இருநூற்றுப் பதினொன்று. ஒன்பது பவுண்டு குறைகிறது. அதற்குள் விளக்கு ரூமில் ஒரு வேலை காலி என்று வேறு காதில் விழுந்திருந்தது. ஆட்களுக்குத் தலைவிளக்குக் கொடுத்து, திரும்பி வாங்கி வைக்கிற வேலை. மேலே, வெளிச்சத்தில், நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்க்கிற வேலை. ஒன்பது பவுண்டுக்காக அதை விடுவதா? வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். அம்மிக் குழவி கண்ணில் பட்டது. தூக்கிப் பார்த்தேன். பதினொரு பவுண்டுக்குக் குறையாது.

தாயம்மா குழாயடிக்குப் போயிருந்த நேரத்தில் குழவியை வயிற்றின் குறுக்கே வைத்துத் துண்டால் இறுக்கிக் கட்டி, மேலே சட்டையை மாட்டினேன். என் வயிற்றில் ஏற்கெனவே இருந்த மடிப்புகளோடு அதுவும் ஒரு மடிப்பாகப் போய்விட்டது. அவள் குடத்தோடு உள்ளே வந்தாள்.

"இன்னா இப்டி வெறைப்பா நிக்கிறீங்க?"

"முதுகுல புடிச்சிக்கிச்சி."

"சட்டினி அரைக்கணும். குழவியக் காணோம்."

"யார்னா எடுத்துனு போயிருப்பாங்க."

"குழவியவா?"

"காலம் கெட்டுப் போச்சி தாயம்மா."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு வயிற்றைப் பார்த்தாள். "சரி, சாயங்காலத்துக்குள்ள வந்துடும்," என்றாள். எப்படி வரும் என்று நான் கேட்டிருக்க வேண்டும். அவசரத்தில் கேட்கவில்லை.

எடை மேடையில் முள் இருநூற்று இருபத்திரண்டில் நின்றது. குமாஸ்தா கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "கூண்டு உனக்கு இல்லை. இங்கேயே இரு. சாயங்காலம் சீட்டு வாங்கிக்கொண்டு போ, திங்கட்கிழமை மேல் வேலை," என்று சொல்லிக்கொண்டே எழுதினார். நான் மூலையில் போய் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன். சுந்தரராஜ் செத்த பிறகு அன்றைக்குத்தான் பசித்தது. கேரியரைத் திறந்து ஒரு பருக்கை விடாமல் தின்றேன்.

குழவியை அங்கேயே எங்காவது போட்டுவிட்டு வந்திருக்க வேண்டும். ஆனால் சாயங்காலம் குழவி எங்கே என்று தாயம்மா மறுபடி கேட்டால்? பாறைக்குப் பயந்தவன் சட்டினிக்கும் பயந்தேன். கட்டினதைக் கட்டினபடியே வெளியே கிளம்பினேன்.

தங்கச் சுரங்கத்தின் கேட்டில் உள்ளே போகிறவனை யாரும் கவனிப்பதில்லை. வெளியே வருகிறவனைத் தடவிப் பார்ப்பார்கள். ஒரு கூழாங்கல் கூட வெளியே போகக் கூடாது. இருபத்திரண்டு வருஷமாக நான் கைகளைத் தூக்கிக்கொண்டு அந்தக் கேட்டைத் தாண்டியிருக்கிறேன். காவல்காரர் முனிரத்தினம் என் பக்கத்து வீட்டுக்காரர். தோளில் ஒரு தட்டுத் தட்டி, போங்க என்பார். அன்றைக்குத் தோளைத் தொடவில்லை.

"சட்டையத் தூக்குங்க தர்மராஜ்."

தூக்கினேன். பின்னால் ஷிப்டு முடிந்து ஐம்பது அறுபது பேர் வரிசையில் நின்றார்கள்.

"இன்னாய்யா இது?"

"அம்மிக் குழவி."

"மைன்ஸ்ல இன்னா மசாலா அரைக்கிறீங்க?"

"முனிரத்தினம், நல்லா பாருங்க. கருங்கல்லு. தங்கம் இருக்கிறது வெள்ளக் கல்லு."

"கல்லுன்னா கல்லுதான். கலர் பாக்கிறது என் வேல இல்ல. எதுக்குக் கட்டினீங்க சொல்லுங்க."

உண்மையைச் சொன்னால் எடையில் மோசடி. சொல்லாவிட்டால் கல் திருட்டு, போலீஸ். தூக்கின சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டேன். குழவி யாருடையது என்று சொல்ல வீட்டு ஆள் வரட்டும் என்று, சத்தம் கேட்டுக் கேட்டுக்கு வந்த சுரங்க எஞ்சினியர் சொல்லியனுப்பினார். ஐந்தே நிமிஷத்தில் தாயம்மா வந்துவிட்டாள். புத்த பூர்ணிமைக்கு மட்டும் கட்டுகிற வெள்ளைச் சேலை கட்டியிருந்தாள். தலை வாரியிருந்தாள்.

"எங்கூட்டுக் குழவிதாங்க," என்றாள் எஞ்சினியரிடம். "ஒரு முனை ஒடைஞ்சிருக்கும், பாருங்க. எடை ஏறணும்னு கட்டிக்கினாரு. அவருக்குக் கீழ போவப் பயம். எந்தம்பி செத்ததுலேர்ந்து பயம். பத்து வாரமா களி களியாத் துன்றாரு, கீழ எடுத்துனு போற சோத்த நாய்க்குப் போட்டுட்டு வர்றாரு. லைன்ல எல்லா நாயும் எலும்பா கீது, அந்த ஒரு நாய் மட்டும் நடக்க முடியாம கீது. எனக்குத் தெரியாதா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். மானம் மொத்தமும் அந்தக் கேட்டிலேயே போயிற்று. சிரிப்பு வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. வரிசையில் அத்தனை பேரும் தங்கள் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மரியகுழந்தை மட்டும் மெல்லச் சொன்னான்.

"நான் இன்னாத்துக்கு மேல நின்னு மணி அடிக்கிற வேலைக்கு வந்தேன்னு நெனைச்சீங்கண்ணே?"

எஞ்சினியர் குழவியைத் திருப்பி உடைந்த முனையைப் பார்த்தார். பிறகு, பயந்த ஆள் ஒருத்தன் கூண்டில் கத்தினால் பன்னிரண்டு பேரும் கத்துவார்கள் என்று சொல்லி, கீழே போகிறவர்கள் பட்டியலில் என் பெயரை அடித்தார். மேல் வேலைச் சீட்டையும் திருப்பி வாங்கிக்கொண்டார். எடை இல்லாதவனுக்கு எதற்குச் சீட்டு?

நானும் தாயம்மாவும் லைனுக்கு நடந்தோம். குழவியை அவள்தான் இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள்.

"நீதான் முனிரத்தினத்துக்கிட்ட சொன்னியா?"

"நீங்க ஷிப்டுக்குக் கெளம்புனதும் போய்ச் சொன்னேன்."

"கட்டின புருஷனக் காட்டிக் குடுத்துட்டியே."

"குடுக்காம? மூணு மாசத்துக்கு ஒருக்கா எடை. ஒவ்வொரு வாட்டியும் இத்தக் கட்டிக்கினு போவீங்களா? ஒரு வாட்டி தப்பினா மறுபடி கீழதான். கீழ ஒருத்தன அனுப்பிட்டு நான் பட்டது போதும்."

"போவாதீங்கன்னு மொதல்லயே எங்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்லியிருந்தா, எனக்கா பயம்னு வீம்புக்கு ரெண்டு ஷிப்டு போயிருப்பீங்க."

நான் குழவி கட்டியிருந்த துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டேன்.

"சரி. சோத்துக்கு இன்னா பண்றது? வீடும் போவப் போவுது."

அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்து நாலாக மடித்த காகிதம் ஒன்றைக் கொடுத்தாள். செத்துப்போன சுந்தரராஜின் குடும்பத்துக்கு என்று ஒரு வேலை. அவன் அக்கா தாயம்மாவுக்கு, திங்கட்கிழமை முதல், விளக்கு ரூமில். லைன் வீடும் அவள் பெயருக்கே. ரெண்டு மாதத்துக்கு முன்பே முனிரத்தினத்தை வைத்து மனு எழுதிப் போட்டிருக்கிறாள். அன்று மத்தியானம் ஆபீஸில் உத்தரவு கொடுத்திருக்கிறார்கள். அதற்குத்தான் வெள்ளைச் சேலை.

"பின்ன எனக்கு எதுக்கு அவ்ளோ களி கிண்டிப் போட்டே?"

"கீழதான் துன்றதில்ல, மேலயாவது துன்னட்டும்னு போட்டேன்," என்றாள். அப்புறம் தெருவென்றும் பார்க்காமல் குழவியைக் கட்டிக்கொண்டு அழுதாள். தம்பி செத்த அன்றைக்குக் கூட அவள் அப்படி அழுததில்லை. நானும் அழுதேன்.

இப்போது நாலு மாதம் ஆகிறது. காலையில் அவள் முந்நூறு பேருக்கு விளக்குக் கொடுக்கிறாள். சாயங்காலம் முந்நூறு விளக்கும் திரும்பி வந்து ஆணியில் தொங்குகிற வரை வீட்டுக்கு வர மாட்டேன் என்கிறாள். தண்ணீர் பிடிப்பதும் களி கிண்டுவதும் சட்டினி அரைப்பதும் நான். வீட்டில் இருக்கிறவருக்கு ரெண்டு உருண்டை போதும் என்று சட்டம் போட்டிருக்கிறாள். லைன் முனை நாயும் பழையபடி எலும்பாகிவிட்டது. என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது.

நேற்று பழைய பழக்கத்தில் மண்டித் தராசில் ஏறினேன். பூட்ஸும் தொப்பியுமாகவே நூற்று எண்பத்திரண்டு. சட்டப்படி நான் இப்போது ஒரே ஆள். சாயங்காலம் அவள் வந்து உட்கார்ந்ததும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன். தாயம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள். அம்மியைத் திரும்பிப் பார்த்தாள்.

"குழவியோடவா, குழவி இல்லாமலா?" என்றாள்.