மாமா அறிவித்த மரணமும் அம்மா பார்த்த நாடியும்

வணக்கத்துக்கும் வம்புக்கும் உரிய பெரிய மாமாவுக்கு,

உங்கள் தங்கை பெற்ற வாலு எழுதிக்கொள்வது. இங்கே நான், அம்மா, அப்பா, கார் எல்லாரும் நலம். காரைப் பழைய இரும்புக் கடைக்கு இழுத்துப் போக ஞாயிற்றுக்கிழமை வருவதாக நீங்கள் போனில் சொன்னதிலிருந்து அம்மா உங்கள் நலத்தை விசாரிப்பதில்லை. அதனால் நானே விசாரிக்கிறேன். நலம்தானே?

விஷயம் இதுதான்: நீங்கள் வர வேண்டாம். காரின் ஹீட்டர் விசிறி நின்றதும் முன்கண்ணாடி முழுக்கப் பனிமூட்டம் படிந்தது உண்மைதான். முதல் பஸ் கிளம்பும் முன்பே ஆஸ்பத்திரியில் நிற்க வேண்டிய நர்ஸான அம்மா, ஒரு கையில் ஸ்டியரிங், மறு கையில் கண்ணாடி துடைக்க என் சாக்ஸ், தலை மட்டும் ஜன்னலுக்கு வெளியே என்று ஒட்டகச்சிவிங்கி போல ஓட்டிப் போனதும் உண்மை. "ஒருநாள் எங்கயாவது இடிச்சுக்கப் போற. மோட்டார் செத்துப்போச்சு, டப்பாவத் தூக்கிப் போடும்மா" என்றீர்கள். அம்மா போனை வைத்துவிட்டு, "நாடி பாக்காம செத்துப்போச்சுன்னு சொல்ல எங்கண்ணன் என்ன டாக்டரா?" என்று கேட்டு, கையுறையை மாட்டினாள் பாருங்கள், அந்த நிமிஷமே கார் பிழைத்துவிட்டது என்று எனக்குத் தெரியும்.

முதல் விசாரணை எனக்குத்தான். இந்த வீட்டில் எது நின்றாலும் முதல் விசாரணை எனக்குத்தான். "உண்மையச் சொல்லு, என்னடி பண்ண?" "நான் பண்ணியிருந்தா விசிறி நின்னிருக்காதும்மா, குரைச்சிருக்கும்." பதிலில் இருந்த நியாயத்தை ஏற்று என்னை விடுவித்தாள். அப்பா டார்ச் பிடித்தார். அதாவது அம்மா எங்கே பார்த்தாளோ அங்கே தவிர எல்லா இடத்திலும் வெளிச்சம் விழுந்தது. புருவம் திருத்தும் இடுக்கியால் ஃபியூஸைப் பிடுங்கி வெளிச்சத்தில் பார்த்தாள். உள்ளே கம்பி அறாமல் இருந்தது. நானாக இருந்தால் அதோடு கைகழுவிவிட்டு உங்களுக்கு போன் போட்டிருப்பேன். அம்மா இரண்டு வயர் வைத்த சின்ன பல்பு ஒன்றை எடுத்து, விசிறிக்குக் கரண்ட் கொண்டுவரும் வயரில் ஒரு முனையையும் காரின் வெற்று இரும்பில் மறுமுனையையும் வைத்தாள். பல்பு எரிந்தது. கரண்ட் வருகிறது! மோட்டாரைக் கழற்றி நேராக பேட்டரியில் கொடுத்தாள். நீங்கள் செத்துப்போச்சு என்று சொன்ன மோட்டார் எழுந்து உட்கார்ந்து ஊளையிட்டது மாமா. கரண்டும் வருகிறது, மோட்டாரும் சுற்றுகிறது, அப்புறம் என்னதான் கோளாறு என்று நான் முழிக்க, "உள்ள வர்றது சரி, வெளிய போகணுமில்ல?" என்று அம்மா எர்த் வயரைத் தடவிக்கொண்டே கால் வைக்கும் இடத்துக்குக் குனிந்தாள். கரண்ட் திரும்பிப் போகும் வழி அந்த வயர்தானாம்.

இந்த இடத்தில் அப்பாவின் டார்ச் தானாக அணைந்தது.

லைப்ரரியில் வேலை பார்த்துப் பார்த்து அப்பாவுக்குச் சத்தம் என்றாலே ஆகாது என்பது உங்களுக்கே தெரியும். எங்கள் நாற்காலிக் கால், அலமாரிக் கதவு, குப்பைத்தொட்டி மூடி எல்லாவற்றிலும் பச்சை ஃபெல்ட் துணி வெட்டி ஒட்டியிருப்பார். என் வாய்க்கு மட்டும் இன்னும் அளவெடுக்கவில்லை. எர்த் வயரின் வளையத்துக்கு மேலே ஒரு பச்சை வட்டம், கீழே ஒரு பச்சை வட்டம், திருகாணிக் கழுத்துக்கு மஃப்ளர் வேறு. இரும்பை வயர் தொட வழியே இல்லை.

"என்னங்க இது?"

"கடகடன்னு ஆடிட்டே இருந்துச்சும்மா. தாங்கல."

"எப்ப வச்சீங்க?"

"குளிர் ஆரம்பிச்சப்போ."

"விசிறி எப்ப நின்னுச்சு?"

"அதுவும்..." என்று அப்பா கொஞ்சம் யோசித்தார். "குளிர் ஆரம்பிச்சப்போதான்."

அம்மா திட்டவில்லை. துணியை உருவினாள், நகம் ராவும் அரத்தால் இரும்பைச் சுரண்டிப் பளபளப்பாக்கினாள், திருகாணியை முறுக்கினாள், மோட்டாரைத் திரும்ப மாட்டினாள். வண்டியைக் கிளப்பி ஹீட்டர் பொத்தானைத் திருகியதும் உள்ளிருந்து சூடான காற்று வந்தது. கண்ணாடியில் பனி கீழிருந்து மேலாக விலகிக்கொண்டே போக, எதிர்வீட்டுச் சுவர், கதவு, ஜன்னல் என்று தெரு துண்டு துண்டாகத் திரும்பி வந்தது. காரின் விசிறி சுற்ற ஆரம்பித்ததும் நான் அம்மாவின் விசிறி ஆகிவிட்டேன். இனி ஒரு வாரத்துக்கு அம்மாவிடம் வாலாட்டுவதில்லை என்று முடிவும் செய்திருக்கிறேன்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே நன்றாகத் தூங்குங்கள். அத்தைக்கு என் அன்பு, உங்கள் இழுவை வண்டிக்கு என் அனுதாபம்.

இப்படிக்கு,
குற்றமற்றவள் என்று முதன்முறையாக நிரூபிக்கப்பட்ட
உங்கள் மருமகள்

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போன நேரத்தில் அம்மா வேலைக்குக் காரைக் கிளப்பினாள். விசிறி சுற்றவில்லை. வாசலில் அப்பா கையில் கத்தரிக்கோலோடு, "நேத்து என்னா இரைச்சல்! இப்ப பாரு, சத்தமே இல்ல" என்று பெருமையாக நிற்கிறார். அம்மா என் இன்னொரு சாக்ஸைக் கேட்கிறாள். மாமா, ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வாங்க. இழுவை வண்டியோடயே வாங்க. கார் இங்கயே இருக்கட்டும், அப்பாவ ஏத்திட்டுப் போங்க.