நடுங்குவது கை அல்ல, பின் சக்கரம்

பெருமதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு, உங்கள் மைத்துனன் சொல்லச் சொல்லக் கீழ்வீட்டுத் தையல்காரம்மா எழுதும் கடிதம். இங்கே எல்லோரும் சுகம். என் ஒருவனுக்குத்தான் குறை இருப்பதாக மற்ற எல்லோரும் சொல்கிறார்கள், அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். அங்கே அக்காவின் முழங்காலும் உங்கள் காதும் போன மாசத்துக்கு மேல் மோசமாகாமல் இருக்கட்டும்.

புதுப் பாலத்தைத் திறந்து மூன்றாம் நாளே மூடினார்களே, அந்த வருஷத்தை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். உங்கள் கல்யாணம் இரண்டு தடவை தள்ளிப்போனதும், தீப்பெட்டி கிடைக்காமல் தெருவே ஒரே வீட்டு அடுப்பில் நெருப்பு வாங்கியதும் அதே வருஷம்தான். அது எத்தனையாம் வருஷம் என்று தையல்காரம்மா கேட்கிறார். எனக்கு எண் தெரியாது. எழுதி வைத்து மறந்துபோகும் வசதி இல்லாதவன் நான், எல்லாவற்றையும் தலையிலேயே வைத்திருக்கிறேன். அந்த வருஷம் நம் சோடா கம்பெனி லாரி ஆஸ்பத்திரி வளைவில் திரும்பும்போது நடைபாதைக் கல்லில் ஏறி இறங்கியது. ஓட்டியவர், ஹாரனிலிருந்து கையை எடுக்காத நம் டிரைவர் ஹாரன். பக்கத்தில் நான், எனக்கு அந்தப் பக்கம் முதலாளி, பின்னால் பாட்டில் பெட்டிகள் மேல் நீங்கள். அன்றிலிருந்து வண்டி உதற, பாட்டில் உடைய ஆரம்பித்தது. டார்ச் லைட்டை வாயில் கடித்துக்கொண்டே வேலை செய்வாரே மெக்கானிக் டார்ச், அவர் ஸ்டியரிங்கைப் பிரித்துப் பார்த்தார், முன் டயர் இரண்டையும் மாற்றினார், ரோட்டையும் திட்டிப் பார்த்தார். பாட்டில் உடைவது நிற்கவில்லை. கடைசியில் நான்தான் சொன்னேன், "இடது பக்கம் பின் சக்கரத்துக்கு மேல இருக்கிற பெட்டிங்கள்ல மட்டும்தான் உடையுது, அந்தச் சக்கரத்தைக் கழட்டிப் பாருங்க" என்று. கழற்றினால், ரிம் உள்பக்கமாக நெளிந்திருந்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நீங்கள் வழக்கம்போல் வாயைத் திறக்கவில்லை. உங்களுக்குப் பூட்டு என்று பேர் வைத்ததே அதனால்தானே.

இப்போது கதை என்னவென்றால், மூன்று வாரத்துக்கு முன்னால் என் மகன் மருந்துக்கடை வாசலில் காரைத் திருப்பும்போது முன் சக்கரம் தப்பிவிட்டது, பின் சக்கரம் கல்லில் ஏறித் தொப்பென்று இறங்கியது. பின் சீட்டில் இடது பக்கம் உட்கார்ந்திருந்த என் பல்செட் இடம் மாறியது. அவன் "லேசா உரசிச்சுப்பா" என்றான். மறுநாளிலிருந்து வண்டி வேகம் எடுத்தால் என் சீட்டுக்கு அடியில் மாவு மில் ஓடுகிறது. சொன்னேன். "ஸ்டியரிங் கல்லு மாதிரி நிக்குது, உங்களுக்குத்தான் உடம்பு நடுங்குது" என்கிறான். மருமகளைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டேன், அவள் கையில் இருக்கும் போன் எப்போதுமே நடுங்கிக்கொண்டிருப்பதால் அவளுக்கு வித்தியாசம் தெரியவில்லை. சரி, கண்ணால் காட்டலாம் என்று ஒரு கிண்ணம் தண்ணீரை மடியில் வைத்துக்கொண்டு போனேன். தண்ணீர் ஆடியது, அதை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, இறங்கும்போது என் வேட்டி நனைந்திருந்ததை மட்டும் எல்லோரும் பார்த்தார்கள், கிண்ணத்தைக் காட்டி நான் சொன்ன விளக்கத்தை ஒருவரும் காதில் வாங்கவில்லை, மறுநாளே நரம்பு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார்கள். டாக்டர் கையை நீட்டச் சொல்லி ஒரு காகிதத்தை விரல் மேல் வைத்தார். காகிதம் தூங்கியது. "கையில ஒண்ணும் இல்லையே, எப்ப நடுங்குது?" என்றார். "கார் அறுபதைத் தாண்டினா" என்றேன். அவர் என்னை விட்டுவிட்டு மகனைப் பார்த்தார், மகன் கூரையைப் பார்த்தான், மாத்திரை எனக்கு எழுதிக்கொடுத்தார்.

பிறகு என் தொல்லை தாங்காமல் வண்டியைச் சக்கரம் பார்க்கும் கடைக்கு விட்டான். அவர்கள் முன் சக்கரம் இரண்டை மட்டும் பேலன்ஸ் பார்த்துவிட்டு, நேராகப் போகிறது என்று காகிதம் கொடுத்தார்கள். நேராகப் போகவில்லை என்று நான் எப்போது சொன்னேன்? "ஒரே ஒரு தடவை நீ பின்னாடி உக்காந்து பாருடா" என்றேன். "நான் பின்னாடி உக்காந்தா வண்டியை யாருப்பா ஓட்டுறது, டாக்டரா?" என்கிறான். நானே ஜாக்கி போட்டுப் பார்க்கலாம் என்று வண்டிக்கு அடியில் படுத்தேன். வாட்ச்மேன் என் காலை மட்டும் பார்த்துவிட்டுக் கட்டடத்தையே கூட்டிவிட்டார். நாலு பேர் காலைப் பிடித்து இழுத்ததில் முதுகு சிராய்த்ததுதான் மிச்சம்.

நான் விடுவதாக இல்லை, மச்சான். வருகிற வெள்ளிக்கிழமை குடும்பத்தோடு மருமகளின் அம்மா வீட்டுக்குப் போகிறார்கள். ஆறு மணி நேரம், நூறுக்குக் குறையாத வேகம், அந்த இடது சீட்டில் என் பேத்தி. அதனால் இதைப் படித்தவுடன் நீங்கள் என் மகனுக்குப் போன் போட்டு, "உங்கப்பா அன்னிக்கு லாரியிலயே சரியாச் சொன்னவரு, பின் சக்கரத்தைக் கழட்டுடா" என்று சொல்ல வேண்டும். நான் சொன்னால் கதை, பேசாத நீங்கள் பேசினால் சாட்சி. போனில் காது கேட்காது என்று தயங்க வேண்டாம். சொல்லிவிட்டு வைத்துவிடுங்கள். அவன் பதிலுக்குச் சொல்வது உங்களுக்குக் கேட்காமல் இருப்பதே நல்லது.

அக்காவின் முழங்கால் மாடிப்படி ஏறட்டும், உங்கள் காதில் நல்ல சேதி மட்டும் விழட்டும், பேரன் பேத்திகள் யாரும் பின் சீட்டில் உட்காராமல் இருக்கட்டும். கீழே என் கட்டைவிரல் ரேகை இருக்கிறது. கோடு கோடாகத் தெளிவாக விழுந்திருப்பதைப் பாருங்கள். நடுங்கும் கையால் இப்படி வைக்க முடியாது.

இப்படிக்கு,
உங்கள் மைத்துனன்

பின்குறிப்பு: போன் போட வேண்டாம். பள்ளிக்கூடத் துணி தைக்கும் அவசரத்தில் தையல்காரம்மா இந்தக் கடிதத்தை இரண்டு நாளாகத் தபாலில் போடவில்லை. அதற்குள், நேற்றுக் காலையில் மகனோடு காரில் போனவன், வழியில் மெக்கானிக் கடை வாசல் வந்ததும் வண்டியை நிறுத்தச் சொல்லி, இறங்க மாட்டேன் என்று பின் சீட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். என் இடத்தில் நீ உட்கார்ந்தால்தான் இறங்குவேன் என்றேன். பத்து மணிக்கு உட்கார்ந்தவன், பன்னிரண்டு மணிக்கு அவன் ஆபீசிலிருந்து மூன்றாவது போன் வந்து, அவன் சரி என்ற பிறகுதான் இறங்கினேன். மெக்கானிக் ஓட்ட, என் இடத்தில் மகன் உட்கார்ந்து ஒரு சுற்றுப் போனார்கள். திரும்பி வந்ததும் அவனே ஜாக்கியை எடுத்து மெக்கானிக்கிடம் கொடுத்தான். கழற்றிப் பார்த்தால் ரிம் உள்பக்கம் நெளிந்திருக்கிறது, டயரின் உள்பக்கத்தில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு புடைப்பு. "இதோட வெள்ளிக்கிழமை கிளம்பியிருந்தீங்கன்னா பாதி வழியில வெடிச்சிருக்கும்" என்றார் மெக்கானிக். மகன் என் கையைப் பிடித்துக்கொண்டான். அவன் கை நடுங்கியது. "எப்படிப்பா கண்டுபிடிச்சீங்க?" என்றான்.

நாற்பது வருஷமாக அவனுக்குச் சொல்லிவரும் அதே லாரிக் கதையைத்தான் மறுபடியும் சொன்னேன். ஆனால் மச்சான், அன்றைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு ஸ்டியரிங்தான், ஸ்டியரிங்தான் என்று கத்தியவன் நான். பெட்டிகள் மேலிருந்து இறங்கி வந்து, இடது பக்கம்தான் உடைகிறது, பின் சக்கரத்தைக் கழற்றுங்கள் என்று சொன்னவர் நீங்கள். அந்த ஒரு தடவைதான் நீங்களாக வாயைத் திறந்தீர்கள், அதையும் நான் எடுத்துக்கொண்டேன். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அதை நீங்கள் திருப்பிக் கேட்கவில்லை. பின் சீட்டுக்கு வந்த பிறகுதான், அங்கே உட்கார்ந்திருப்பவன் சொன்னால் யாருக்கும் காது கேட்காது என்று எனக்குத் தெரிகிறது. வெள்ளிக்கிழமை போகிற வழியில் மகன் உங்கள் வீட்டுக்கு வருவான், அந்த லாரிக் கதையைக் கேட்பான். இதுதான் சொல்ல வேண்டும் என்று நான் கேட்டுக்கொள்ளப் போவதில்லை, உங்களுக்குத் தோன்றியதைச் சொல்லுங்கள். ஹாரன் போய்விட்டார், முதலாளி போய்விட்டார், டார்ச்சும் போன மழையில் போய்விட்டார். நடந்தது இன்னதென்று சொல்ல, என்னை விட்டால், உயிரோடு மிச்சம் இருப்பது பூட்டு மச்சான் ஒருவர்தான்.