ஐந்து சொட்டும் ஐந்து வேண்டுதலும்

நான் வேண்டிக்கொண்டால் நடக்கிற காரியமும் நடக்காது. எங்கள் வீட்டில் எல்லோரும் ஒப்புக்கொண்ட உண்மை இது. அறிவியல் சான்றும் உண்டு. அதைத் தயாரித்தவளே நான்தான்.

தொண்ணூறுகளின் தொடக்கம். அம்பத்தூர் எஸ்டேட்டில், ரத்தப் பரிசோதனைக்கான மருந்துகள் செய்யும் சின்னக் கம்பெனி ஒன்றில் எனக்கு வேலை. கல்யாண லீவு முடிந்து திரும்பிய அன்றே மேனேஜர் ஒரு குட்டிக் குப்பியைக் கையில் கொடுத்தார். உள்ளே பால் மாதிரி ஐந்தே சொட்டு. அதில் கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் மணிகள், லட்சக்கணக்கில். எல்லாம் ஒரே அளவு. நீல வெளிச்சம் பட்டால் எல்லாம் ஒரே அளவாகப் பச்சையில் ஒளிரும். புதிதாக வந்திருந்த மைக்ராஸ்கோப் சரியாக அளக்கிறதா என்று இவற்றை வைத்துத்தான் பார்க்க வேண்டும். கறுப்புப் பின்னணியில் பச்சைப் புள்ளிகள் தெரிந்தால் பாஸ்.

"சாயந்திரத்துக்குள்ள முடிச்சா மிஷின் உங்க பொறுப்பு. இல்லேன்னா பழைய இடத்துக்கே போயிடுங்க" என்றார். (பழைய இடம் என்றால் பாட்டில் கழுவும் இடம். முதல் வகுப்பில் பி.எஸ்ஸி. முடித்துவிட்டு இரண்டு வருடமாக அங்கேதான் இருந்தேன்.)

விடுவேனா? முதல் சொட்டை வைப்பதற்கு முன் புதுத் தாலிக் கயிற்றை எடுத்துக் கண்களில் ஒற்றிக்கொண்டேன். வெள்ளிக்கிழமை என்பதால் காலையில்தான் அதற்கு மஞ்சள் பூசியிருந்தேன். (பூசினேன் என்பது அடக்கமான சொல். சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதுபோல் அடித்திருந்தேன்.) குனிந்து பார்த்தால் கறுப்பையே காணோம். ஒரே பச்சை மூட்டம்.

இரண்டாவது சொட்டுக்குக் கயிற்றை இன்னும் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். மூட்டம் கூடியது. மூன்றாவதற்கு, மாங்காட்டம்மன் கோயிலுக்கு ஆறு வாரம் வருவதாக நேர்ந்துகொண்டேன். மைக்ராஸ்கோப்புக்குள் தீபாவளியே நடந்தது.

கரையான்சாவடியிலிருந்து மெக்கானிக் ஏகாம்பரத்தை வரவழைத்தார்கள். அவர் விளக்கை மாற்றினார், லென்ஸைத் துடைத்தார். கயிற்றை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு நான்காவது சொட்டை வைத்தேன். அதே கதை. நேராக மேனேஜரிடம் போய், மணிகள் மட்டமான சரக்கு, வெளிநாட்டுக் கம்பெனிக்குப் புகார் எழுதுங்கள் என்று கொஞ்சமும் கூசாமல் சொன்னேன். அவரும் நம்பி டைப் அடிக்கக் கொடுத்துவிட்டார்.

இதற்குள் ஏகாம்பரம், வேண்டாத ஒளி எதிலிருந்து வருகிறது பார்க்கலாம் என்று டியூப் லைட்டை அணைத்துவிட்டு, புற ஊதாக் கைவிளக்கை மிஷின்மேல் அடித்தார். மிஷின் இருட்டாகவே இருந்தது. பக்கத்தில் நின்ற என்மேல் விளக்கைத் திருப்பினார்.

"மிசினு நல்லாத்தான் கீது மேடம். நீங்கதான் எரிஞ்சிகினு கீறீங்க."

குனிந்து பார்த்தேன். பத்து விரல்களும் ஜொலித்தன. கயிறு, கழுத்து, ரவிக்கையின் ஓரம் எல்லாம் ஜொலித்தன. இரண்டு இமைகளும்கூட என்று பிறகு சொன்னார்கள். நீல வெளிச்சத்திலும் புற ஊதாவிலும் மஞ்சளும் ஒளிரும், கயிற்றைத் தொட்ட விரல் வழியே சொட்டிலும் ஏறிவிடும் என்பதை நான் எந்தப் பாடத்திலும் படித்திருக்கவில்லை. வாசலில் மேனேஜர், டைப் அடித்த புகார்க் கடிதத்துடன் நின்றுகொண்டிருந்தார். அதை மெதுவாக நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அவர் திட்டியிருந்தால் தேவலை.

மணி நாலரை. குப்பியில் ஒரே ஒரு சொட்டு. முழங்கைவரை சோப்புப் போட்டு மூன்று முறை கழுவினேன். கயிற்றை உள்ளே தள்ளி, கையுறை மாட்டிக்கொண்டு வந்தேன். கை தானாகக் கழுத்துக்குப் போனது.

"அத்தத் தொடாதீங்க மேடம். சாமி மேல பாரத்தப் போட்டுட்டு சும்மா வைங்க" என்றார் ஏகாம்பரம்.

வைத்தேன். கறுப்பு. அதில் பச்சைப் பச்சையாகப் புள்ளிகள். மிஷின் என் பொறுப்பானது. மாங்காட்டுக்கும் ஆறு வாரம் போய்வந்தேன்.

அன்று இரவே என் கணவரிடம் இதைச் சொன்னதுதான் நான் செய்த இரண்டாவது தப்பு. இன்றுவரை கரண்ட் போனால் அவர் மெழுகுவர்த்தி தேடுவதில்லை, என்னைத்தான் கூப்பிடுகிறார். போன மாதம் மகள் முதல் இன்டர்வியூவுக்குக் கிளம்பினாள். என் கை பழையபடி கழுத்துக்குப் போனது. வாசற்படியில் திரும்பி, "அம்மா, உனக்குப் புண்ணியமா போகும், வேண்டிக்காத" என்றாள்.

பஸ் கண்ணைவிட்டு மறையும்வரை இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். வேலை கிடைத்துவிட்டது. (மனசுக்குள் வேண்டிக்கொண்டதை அவளிடம் இன்னும் சொல்லவில்லை.)