முதல் குழலுக்கு வைத்த பொட்டு

மனித குலம் தகவல் அனுப்பிய வரலாற்றில் புறாவுக்கு அடுத்த பெரும் பாய்ச்சல், கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு டீக்கடைக்கு எதிர்ச்சந்தில்தான் நிகழ்ந்தது. கம்ப்யூட்டருக்குள் ஒரு சில்லிலிருந்து இன்னொரு சில்லுக்குத் தகவலைக் கண் இமைக்குமுன் கொண்டு சேர்க்கும் உலோகக் குழலை அங்கே செய்தார்கள். 'வேவ்கைடு' என்று பெயர். குண்டூசி நுழையுமளவு ஓட்டை. அதில் தூசி விழுந்தாலும் தகவலைச் சுமக்கும் அலை முரண்டு பிடிக்கும்.

அந்த ஓட்டையை மைக்ராஸ்கோப்பில் பார்த்துக் கையெழுத்துப் போடுவது எளாவூர் ஸ்நேகாவின் வேலை. ஒப்பந்தத் தொழிலாளி. குழலை வாங்கும் ஜெர்மனி கம்பெனியின் சோதனையில் முதல் குழல் தேறிவிட்டால் வேலை நிரந்தரம் என்று சொல்லியிருந்தார்கள். அவளும் கண் சிவக்கப் பார்த்து, கையெழுத்துப் போட்டு, பெட்டியில் வைத்தாள்.

மறுநாள் ஆயுத பூஜை. லேத்து, ஃபோர்க்லிஃப்ட், தண்ணீர் மோட்டார் என்று பொட்டு வைத்துக்கொண்டே வந்த மேனேஜர் ஆதிநாராயணன், பக்தி மேலிட்டு அந்தக் குழலையும் எடுத்தார். இரண்டு முனையிலும் சந்தனத்தை அப்பிக் குங்குமம் வைத்தார். எல்லோரும் கை தட்டினார்கள்.

ஸ்நேகா சூப்பர்வைசர் குணாவிடம் ஓடினாள்.

"அண்ணே, ஓட்டை அடைச்சிக்கினு கீதுண்ணே. தொடைச்சிடட்டா?"

"இன்னாம்மா நீ? மேனேஜர் கையால வெச்ச பொட்டு. அத்தத் தொடைச்சா உன்னியும் தொடைச்சிப் போட்ருவாரு."

"அப்ப அவராண்ட நீங்களே சொல்லுங்க."

"வாயால சொன்னா ஆவாது. எழுதிக் குடு. முறைப்படி போவும்."

எழுதிக் கொடுத்தாள். முறைப்படி போனது. குணாவிடமிருந்து ஷிஃப்ட் பொறுப்பாளர், அவரிடமிருந்து தரப்பிரிவு, அங்கிருந்து மேனேஜர் மேஜை. மொத்தம் நாற்பதடி தூரம், பத்தொன்பது நாள். அதற்குள் குழல் ஜெர்மனிக்கே போய், பதிலும் வந்துவிட்டது: 'இரு முனைகளிலும் மஞ்சளும் சிவப்புமாக இனம் தெரியாத பொருள். அலை நுழையவில்லை.'

அவசரக் கூட்டம். ஆதிநாராயணன் அதிர்ந்துபோனார். "இனம் தெரியாத பொருளா! யாருய்யா செக் பண்ணது?"

"ஸ்நேகா, சார்," என்று கூட்டத்துக்கு வந்திருந்த அவளைக் குணா கைகாட்டினார்.

"நான் அன்னிக்கே எழுதிக் குடுத்தனே சார்! தோ, உங்க டேபிள் மேலதான் கீது."

மேனேஜர் காகிதத்தைப் புரட்டினார். மூன்று கையெழுத்து, இரண்டு முத்திரை.

"இன்னைக்குத்தாம்மா வந்திருக்கு. நான் இன்னும் படிக்கல. படிக்காததுக்கு நான் எப்படிப் பொறுப்பு?"

ஸ்நேகா தன் இடத்துக்குத் திரும்பி நடந்தாள். அதே நாற்பதடி. அவள் போய்ச் சேருமுன், வேலைநீக்கக் கடிதம் அவள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது.

ஆக, அந்தக் கம்பெனியின் தொழில்நுட்பத்தில் குறையே கிடையாது. மேலிருந்து கீழே எதை அனுப்பினாலும் கண் இமைக்குமுன் வந்துவிடுகிறது. கீழிருந்து மேலே போகும் முனையில்தான் பொட்டு வைத்திருக்கிறார்கள்.