வெங்காய மண்டியில் ஒரு பக்தன்

தேவராஜ மொஹல்லா, மைசூர்
18-11-1996

ஹனூர் மாப்பிள்ளை கெம்பையன் அவர்களுக்கு, வெங்காய மண்டி சுப்பையா வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அக்கா ஜோதிமணியும் சௌக்கியம். அங்கே நீங்கள், தங்கச்சி, புது எருமை எல்லோரும் சௌக்கியமாயிருக்க மாதேஸ்வரன் துணையிருக்கட்டும்.

விஷயம் என் மகன் சீனுவைப் பற்றி. இங்கே ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் உங்கள் ஜீவிதாவுக்கும் அவனுக்கும் தை மாதம் கல்யாணம் என்று பேசி முடித்திருக்கிறோம். அதனால் மறைக்காமல் எழுதுகிறேன். விஸ்வ கீர்த்தன சங்கம் என்று ஒன்று, உலகம் பூராவும் கிளை, அமெரிக்காவில் பாடுகிறார்கள், ரஷ்யாவில் ஆடுகிறார்கள், இப்போது மைசூருக்கும் வந்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்குப் போன பையன் குடுமியோடு திரும்பினான். குடுமி பரவாயில்லை, முடி அவனுடையது. வெங்காயம் பூண்டு தொடமாட்டேன் என்கிறான், நம் மண்டியில் வேறு என்ன இருக்கிறது? மூட்டை எடுக்க வந்த ஹோட்டல்காரர் மஞ்சுநாத்திடம், "வேண்டாண்ணா, இது புத்தியக் கெடுக்கும், பூசணிக்கா வாங்கிக்குங்க" என்று எதிர்க்கடையைக் கைகாட்டிவிட்டான். அவர் என்னிடம், "ஏனு சுப்பையா, மகனுக்கு ஜுரமா?" என்றார். உங்கள் அக்காவும் மகன் கட்சி. ஊருக்கே வெங்காயம் விற்கிற நான் வீட்டில் வெறும் பெருங்காயச் சாம்பார் சாப்பிடுகிறேன். கடைசியில் சந்நியாசம் வாங்கப் போகிறேன் என்றும் சொல்லிவிட்டான்.

ரெண்டில் ஒன்று பார்க்கலாம் என்று சங்கத்துக்கே போனேன். அங்கே பெரியவர் ஒரு ஆஸ்திரேலியாக்காரர், காவி வேட்டி, நெற்றியில் கோணாத நாமம். "ஊட்டா ஆய்தா?" என்று கன்னடத்தில் கேட்டார். சண்டைக்கு வந்தவனைச் சாப்பிட்டாயா என்றால் என்ன செய்வது, உட்கார்ந்தேன். பொங்கல் வைத்தார்கள். பிறகு பாட்டு. அதற்கும் பிறகுதான் புத்தக விற்பனை. "உங்களுக்கு என்னதான் சாமி வேணும்?" என்றேன். ஊர் ஊருக்குப் பகவான் பேர் கேட்க வேண்டும், அங்கே ஒருத்தரும் பசியோடு இருக்கக் கூடாது, அவ்வளவுதான் என்றார். முதலில் சாப்பாடு, கடைசியில் சரக்கு! இந்த வரிசை தெரியாமல் நான் இத்தனை வருஷம் வாசலிலேயே விலையைக் கத்தியிருக்கிறேன். கிளை வளராமல் என்ன செய்யும்? பையனைப் பற்றிக் கேட்டதற்கு, அவன் சந்நியாசம் கேட்கிறான், நாங்கள் இன்னும் சரி சொல்லவில்லை என்றார்.

ஆகவே தாய்மாமன் நீங்கள் உடனே பஸ் ஏறுங்கள். உங்கள் சொல்லுக்குத்தான் அடங்குவான். ஜீவிதாவுக்குத் தெரிய வேண்டாம், பெண் மனசு ஒடிந்துவிடும்.

தங்கச்சிக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் என் ஆசீர்வாதம், எருமைக்கும் சேர்த்து.

இப்படிக்கு,
சுப்பையா

பின்குறிப்பு: தபாலில் போடக் கிளம்பும்போது ஜீவிதாவே மண்டிக்கு வந்தாள். "நாந்தான் மாமா அவர அங்க முதல்ல கூட்டிட்டுப் போனேன். சந்நியாசமெல்லாம் சும்மா, சங்கத்துல கேட்டதும் சேத்துத்தான். பூசணிக்கா வியாபாரம் பண்றேன்னு நேராக் கேட்டா உடுவீங்களா? அதான் சாமியாராப் போறேன்னு ஆரம்பிச்சாரு" என்றாள். பெரிய விலை சொல்லிவிட்டு அப்புறம் இறங்குகிறான், என் பிள்ளைதான். எதிர்க்கடையை அவனுக்காகப் பேசி முடித்துவிட்டேன். கல்யாணம் சங்கத்திலேயே. நீங்கள் பஸ்ஸில் வர வேண்டாம், லாரியில் பூசணிக்காய் ஏற்றிக்கொண்டு வாருங்கள். தங்கச்சியை ஒரு டப்பா வெங்காயச் சட்னி அரைத்துத் தரச் சொல்லுங்கள். அதை வீட்டில் இறக்காதீர்கள், மண்டியில் கொடுங்கள்.